டேப்பில் துளை ஒரு பக்கம்தான்

ச. பாலமுருகனுக்கு, அம்மா எழுதுவது.

பெற்ற பிள்ளைக்கு இனிஷியல் போட்டு எழுதுகிறாளே என்று உனக்கு வேடிக்கையாக இருக்கும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் அல்ல. பெங்களூரில் நீ இந்த உறையைப் பிரிக்கிற அன்றைக்கே பூதலூர் ரோட்டில் நம் யூனிட்டின் நோட்டீஸ் போர்டில் இதன் நகல் ஒன்று தொங்கும். இன்னொரு நகல் சீர்காழிக்குப் போகிறது, உனக்கு நிச்சயம் செய்திருக்கிற பெண்ணின் கைக்கு. கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆயிற்று. "இப்பப் போயி ஏம்மா?" என்று கேட்பாய். இப்போது எழுதினால்தான் உனக்கு வலிக்கும். உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கும் வலிக்கும், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

சீர்காழிப் பெண்ணும் படிக்கப்போவதால் என் வேலையைப் பற்றி நாலு வரி எழுதிவிடுகிறேன். முப்பது வருஷமாக நான் அந்த யூனிட்டில் இருக்கிறேன். வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போனில் போட்டு நிறுத்துவதற்கு ஒரு பெட்டி வருகிறதே, அதற்குள் இருக்கும் போர்டைத்தான் அங்கே செய்கிறார்கள். கடுகளவு, எள்ளளவு பார்ட்டுகளை மெஷின் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்து, போர்டில் அதனதன் இடத்தில் வைக்கும். வைப்பதற்கு முன்னால் கீழே இருக்கிற கேமராவுக்கு ஒருமுறை காட்டும். மெஷினுக்குக் கண் உண்டு, அறிவு கிடையாது. அது பார்ப்பது என்ன என்பதை யாராவது முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, கால் எத்தனை, ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி என்ன, எவ்வளவு கூடினால் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால். இதற்கு ஷேப் எழுதுவது என்று பெயர். கம்ப்யூட்டரில் நம் யூனிட்டின் லைப்ரரியில் சேர்த்து வைத்திருக்கும் ஷேப்புகளில் பெரும்பாலானவை என் கையால் எழுதியவை. நான் எழுதியபடி இல்லாத பார்ட்டை மெஷின் ஏறெடுத்தும் பார்க்காது, கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கப் போய்விடும். இந்த அதிகாரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

எட்டாம் வகுப்பு லீவில் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கழிவுப் பெட்டி முன்னால் உட்கார வைத்தது உனக்கு நினைவிருக்கும். ஒரு லென்ஸைக் கொடுத்து, கெட்டதை ஒரு தட்டிலும் நல்லதை இன்னொரு தட்டிலும் போடச் சொன்னேன். மத்தியானத்துக்குள் நல்ல தட்டு நிரம்பிவிட்டது. கெட்டதில் நாலோ ஐந்தோ கிடந்தன. "ஏம்மா இவ்வளவு நல்லதையும் தூக்கிப் போட்டிருக்கு?" என்று கேட்டாய். நான் எழுதினது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அதனால்தான் என்றேன். "அப்ப தப்பு பார்ட்டு மேல இல்லியே" என்றாய். அன்றைக்கு உன்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை வந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. பதிலுக்கு, பத்தாவதில் நீ கணக்கில் கோட்டை விட்டபோது, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும், "இவனையெல்லாம் கூடக் கொறச்சப் பாத்துத்தான் பாஸ் போடணும்" என்று சிரித்தேன். உன் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "புள்ளைய அப்படிப் பேசாத" என்றார். கண்ணை மூடுகிறவரைக்கும் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். நீ தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டாய். அன்றிலிருந்து எதற்கும் தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றிச் சாப்பிடுகிறவனாகவே ஆகிவிட்டாய். உன்னைப் பயந்தாங்கொள்ளியாக ஆக்கியதில் பெரிய பங்கு என்னுடையது. ஆனால் உனக்கு முப்பது நெருங்குகிறது. இன்னமும் அந்தப் பழியை என் தலையில் கட்டிவிட்டு நீ நழுவ முடியாது.

இனி இளவரசிக்கு வருகிறேன். சீர்காழிப் பெண்ணே, இந்தப் பெயரை நீ இப்போதுதான் கேள்விப்படுவாய் என்று நினைக்கிறேன்.

இளவரசி எங்கள் லைனில் ஆபரேட்டராக இருந்தாள். பாலிடெக்னிக் முடித்தவள். பார்ட்டுகள் டேப்பில் வரிசையாக ஒட்டி, ரீலாகச் சுற்றி வரும். ஒரு ரீல் தீர்கிறபோது மெஷினை நிறுத்தாமலேயே அடுத்த ரீலின் முனையை அதோடு ஒட்டிவிட வேண்டும். அந்த வேலையை அவளைப்போல் சுத்தமாகச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் என் பிறந்த வீட்டு வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்கள். பிற்பாடு என் அண்ணன் விற்ற ஆறு மா நிலத்தை அவள் அப்பாதான் கிரயம் வாங்கினார். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் விட்டதும் முதலில் நாற்று விடுகிறவர் இப்போது அவர்தான். பஸ்ஸில் போகும்போது அந்த வயலைப் பார்க்காமல் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். எங்கள் நிலம் போன கதை அவளுக்கும் தெரியும், ஆனால் ஒரு நாளும் அதைப் பேச்சில் கொண்டு வந்ததில்லை. "மேடம்" என்றுதான் கூப்பிடுவாள். அந்த மரியாதையும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நீ காலேஜ் முடித்து, என் சிபாரிசில் எட்டு மாதம் யூனிட்டில் இருந்தாய். நீ பெங்களூர் போன பிறகு ஒரு நாள் லைப்ரரியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். யாரும் உபயோகிக்காத பழைய ஷேப்புகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொரு ஷேப்பின் அடியிலும் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. முப்பது நாற்பது எழுத்துதான் கொள்ளும். நின்றுபோன ஒரு பார்ட்டின் கட்டத்தில், "நாளைக்கு ஆறு மணி பஸ்" என்றிருந்தது. அடுத்ததில், "நீலச் சுடிதார் நல்லாருந்துச்சு" என்றிருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். இரண்டு பேருக்கும் அந்த மெஷினில் வேலை, செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் செத்துப்போன பார்ட்டுகளின் கட்டங்களில் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். செத்த பார்ட்டை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தீர்கள். லைப்ரரியை வைத்திருப்பவள் உன் அம்மா என்பது உனக்கு எப்படி மறந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அறுபத்து மூன்று குறிப்புகள். எல்லாவற்றையும் படித்தேன். "தீபாவளிக்கு அப்பறம் அம்மாகிட்ட சொல்றேன்" என்று நீ எழுதியிருந்தாய். அதற்கு அவள், "எந்தத் தீபாவளி?" என்று கேட்டிருந்தாள். என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். உன்னை அவள் எவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தாள்! சிரித்து முடித்ததும் இது நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். காரணம் என்னவென்று சுற்றி வளைக்க மாட்டேன். அவள் சாதி. படிப்பு, குணம், வேலை எதிலும் எனக்குக் குறை தெரியவில்லை. எங்கள் வயலில் குனிந்து நின்றவர்களின் பெண் என் வீட்டில் மருமகளாக நிமிர்ந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. செய்யும்போது கூசவில்லை.

உன்னிடம் சண்டை போட்டிருக்கலாம். போட்டால் நீ எங்கே வீம்புக்கு அவளைக் கட்டிக்கொள்வாயோ என்று பயந்தேன். அந்த அளவுக்கு உன்னை நான் அப்போது நம்பியிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அன்றைக்குக் காலை ஷிஃப்ட்டில் இளவரசி இருந்தாள். முதல் போர்டை லென்ஸில் வைத்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். டீ நேரத்துக்கு எல்லாரும் வெளியே போனபோது என் மேஜையில் உட்கார்ந்து ஒரே ஒரு ஷேப்பைத் திறந்தேன். ஒரு சின்ன டயோடு, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற பார்ட்டு, திருப்பி வைத்தால் போர்டு வேலை செய்யாது. அதில் தலை எந்தப் பக்கம் என்பதற்குப் பூஜ்யம் என்று எழுதியிருப்பேன். அதை நூற்றெண்பது என்று மாற்றினேன். அவ்வளவுதான். கேமரா ஒவ்வொரு டயோடையும் பார்த்து, நான் சொன்னபடியே இருக்கிறது என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டுபோய், தலைகீழாகத் திருப்பி வைத்தது. டீ குடித்துவிட்டு வந்த இளவரசி வழக்கம்போல ஒரு ரீலை ஒட்டினாள். எதை மாற்றினாலும் மறுபடி முதல் போர்டைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை யூனிட்டில் கொண்டுவந்ததே நான்தான். ஆனால் மாற்றியதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் நூற்றெண்பதை மறுபடி பூஜ்யமாக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தஞ்சாவூர் வந்து இறங்கி, நிதானமாகப் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் டெஸ்டிங்கில் அத்தனை போர்டும் படுத்துவிட்டது. மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர் கணக்கு வழக்குத் தெரிந்தவர், மெஷின் தெரியாதவர். விவரம் தெரிந்த ஆள் என்று என்னை உட்கார வைத்தார்கள். ஷேப் சரியாக இருக்கிறது, ஆகவே டீக்குப் பிறகு ரீல் ஒட்டியபோது டேப்பைத் திருப்பி ஒட்டியிருக்கிறாள் என்றேன். இளவரசி என்னைப் பார்த்து, "மேடம், டேப்புல தொளை ஒரு பக்கம்தான இருக்கு? திருப்பி ஒட்டுனா பல்சக்கரத்துல மாட்டவே மாட்டாதே. டேப்பு ஓடவே ஓடாதுங்களே" என்றாள். முழுக்க முழுக்க உண்மை. அந்த வேலையில் ஒரு மாதம் இருந்த யாருக்கும் தெரியும். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "ஓடாதா மேடம்?" என்று கேட்டார்.

"ஓடும்" என்றேன்.

ஒரே வார்த்தை. அன்று சாயங்காலம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அவளுடைய மெமோவை நோட்டீஸ் போர்டில் குத்தினார்கள். பெயர், இனிஷியல், ஊர், கவனக்குறைவு, வேலை நீக்கம். வெளியே போகிற ஷிஃப்ட்டும் உள்ளே வருகிற ஷிஃப்ட்டும் நின்று படித்தது. அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தானும் ஒருமுறை படித்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்று இருந்தது.

அந்த வாரம் நீ போன் பண்ணினாய். "அவ நெசமாவே டேப்பத் திருப்பி ஒட்டிட்டாளாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "சரிம்மா" என்றாய். உனக்குத் துளை தெரியாதா? எட்டு மாதம் அந்த டேப்பை உன் கையால் மாட்டியிருக்கிறாய். இருந்தாலும் உன் "சரிம்மா"வை நான் நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது. நாலு நாள் கழித்து, ஆபீஸில் ஒரு டிரையலுக்கு வேண்டும் என்று லைப்ரரியின் பேக்கப்பைக் கேட்டாய். யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார்கள் என்ற பதிவு மொத்தமும் அதற்குள் இருக்கும். அனுப்பாவிட்டால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஒரு மாதம் போன் அடிக்கும்போதெல்லாம் நீதானோ என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளிக்கு வந்தாய், அதிரசம் சாப்பிட்டாய், "இன்னும் ரெண்டு இருக்கா?" என்று கேட்டாய். திறந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நிம்மதி அடைந்தேன்.

பிறகு உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தேன். அதையும் ஷேப் எழுதுவது மாதிரிதான் செய்தேன். உயரம் ஐந்தடி மூன்று, ஓர் அங்குலம் கூடலாம் குறையலாம். படிப்பு என்ஜினியரிங், அதில் கூடலாம், குறையக் கூடாது. நட்சத்திரம் இன்னின்னவை. சாதியில் உட்பிரிவு வரைக்கும் அதேதான், அதில் மயிரிழை கூட விட்டுக்கொடுக்கவில்லை. பதினேழு ஜாதகத்தைக் கழித்துக் கட்டி, பதினெட்டாவதாகச் சீர்காழியில் வந்து நின்றேன். எந்தப் போட்டோவைக் காட்டினாலும், "நீ பாத்தா சரிம்மா" என்றாய். அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று ஊரெல்லாம் உன்னைப் புகழ்ந்தது. நானும் அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டு பத்திரிகைக்கு மஞ்சள் தடவினேன்.

போன வியாழக்கிழமை பூதலூரில் பத்திரிகை வைக்கப் போனேன். பாதியில் என் செல்போன் செத்துப்போனது. சார்ஜும் ஏறவில்லை. ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு செல்போன் ரிப்பேர்க் கடை இருந்தது. நுழைந்த பிறகுதான் பார்த்தேன், லென்ஸுக்கு அடியில் குனிந்திருந்த தலை இளவரசியுடையது. திரும்பிப் போயிருக்கலாம். அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"வாங்க மேடம். உக்காருங்க" என்றாள். போனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "சார்ஜர் குத்துற எடம் ஆடிப்போயிருக்கு. வேற வச்சாத்தான் சரியாவும். பத்து நிமிஷம் ஆவும்."

அவள் கை அப்படியேதான் இருந்தது. நடுக்கமே இல்லாமல் பழையதை எடுத்துப் புதியதை வைத்துப் பற்றவைத்தாள். நான் மஞ்சள் பையை முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன். அவள் நிமிராமலே, "பத்திரிகையா மேடம்? பாக்கலாமா?" என்றாள். கொடுக்காமல் இருக்க எனக்கு வழி தெரியவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் போர்டைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஒரு வரி விடாமல் படித்தாள். மடித்துத் திரும்பக் கொடுத்தாள். பிறகு தன்னுடைய போனை எடுத்து, எதையோ தேடி, மேஜை மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

என் லாகின் பெயர். அந்த டயோடின் ஷேப். பூஜ்யம், நூற்றெண்பது, காலை டீ நேரம். நூற்றெண்பது, பூஜ்யம், ஷிஃப்ட் முடிந்த நேரம். அதற்குக் கீழே நீ அவளுக்கு அனுப்பியது: "அம்மாதான் பண்ணிருக்காங்க. யார்ட்டயும் காட்டாத. நான் பேசி சரி பண்றேன். கொஞ்ச நாள் பொறு." தேதியைப் பார்த்தேன். நான் பேக்கப் அனுப்பிய அன்றைக்கு ராத்திரியே அனுப்பியிருக்கிறாய். கீழே அவள், "எவ்ளோ நாள்?" என்று கேட்டிருந்தாள். பொங்கலுக்கு "கொஞ்சம் பொறு" என்று ஒன்று. அடுத்த தீபாவளிக்கு "பொறு" என்று ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

மூன்று வருஷம், பாலமுருகா. நான் உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எல்லாம் தெரிந்துகொண்டு என் கையால் அதிரசம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாய். நான் அவளை உன் வாழ்க்கையிலிருந்து தூக்கி எறிந்தேன், கொடுமை. ஆனால் என் கை அழுக்கானது. நீ அழுக்கே படாமல், என்னிடம் எதிர்த்துப் பேச வேண்டிய சிரமமும் இல்லாமல், அவளிடம் முடியாது என்று சொல்ல வேண்டிய சிரமமும் இல்லாமல், அம்மா செய்த வேலையின் பலனை மட்டும் எடுத்துக்கொண்டாய். எனக்கு முதலில் வந்தது ஒரு நிம்மதி. இந்தப் பாவத்தில் நான் தனியாள் இல்லை என்ற கேடுகெட்ட நிம்மதி. அப்புறம்தான் உன்மேல் அருவருப்பு வந்தது. பெற்ற பிள்ளைமேல் அப்படியொன்று வரும் என்று நான் நினைத்ததில்லை.

"ஏன் யார்கிட்டயும் காட்டல?" என்று அவளைக் கேட்டேன்.

"மொதல்ல அவர நம்புனேன். காட்டுனா உங்களுக்கு வேல போயிரும், அவரு அம்மாவாச்சேன்னு இருந்தேன். நம்பிக்கை போறதுக்குள்ள ஒன்றர வருஷம் போயிருச்சு. அதுக்கப்பறம் காட்டுனா, இவ்வளவு நாளு வாய மூடிக்கிட்டு ஏன் இருந்தேன்னுதான கேப்பாங்க? திருச்சியில ரெண்டு கம்பெனியில எடுத்துட்டாங்க மேடம். ரெண்டு பேரும் நம்ம யூனிட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. கவனக்கொறைவுன்னு சொல்லிட்டாங்க. அப்பறம் கூப்பிடல." போனை என் கையில் கொடுத்தாள். "ஏறுது, பாருங்க."

இந்த இடத்தில் இருந்த ஒரு வரியை நான் பிறகு அடித்துவிட்டேன். அதற்கும் காரணம் இருக்கிறது.

நேற்று மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவை எடுத்துக் காட்டினேன். டேப்பையும் கையில் கொடுத்துத் துளையைக் காட்டினேன். மனிதர் கொஞ்ச நேரம் துளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு மாசத்துல ரிட்டையர் ஆவப்போறீங்க. எதுக்கு மேடம் இதையெல்லாம் கெளர்றீங்க? அந்தப் பொண்ணுக்கு நல்லதா ஒரு லெட்டர் குடுத்துட்டு விட்டுருவோம்" என்றார். லெட்டரை நின்று வாங்கினேன், தப்பு அவளுடையது அல்ல, ஷேப்பை மாற்றியது நான் என்று தெளிவாக எழுதி, முத்திரையோடு. கூடவே என் ராஜினாமாவையும் கொடுத்தேன். இந்தக் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அவருடைய சம்மதத்துக்காக நான் காத்திருக்கவும் இல்லை. குண்டூசி என்னிடமே இருக்கிறது.

லெட்டரையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இன்றைக்குக் காலையில் அவள் கடைக்குப் போனேன். அவளைப் பற்றி எழுதியிருப்பதை அவள் பார்க்காமல் ஊருக்குக் காட்டக் கூடாது என்று தோன்றியது. மேனேஜர் கொடுத்த லெட்டரை இரண்டு தடவை படித்துவிட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். நன்றி என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான், உண்மையில் எதிர்பார்த்தேன். பிறகு இந்தக் கடிதத்தை எடுத்தாள். லென்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, கடை வாசலில் வந்த ஆளை, "அப்பறமா வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டு, கடைசிவரைக்கும் படித்தாள். நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"நான் மன்னிச்சிட்டேன்னு எழுதியிருக்கீங்க. நான் அப்படிச் சொல்லலியே மேடம்."

சொல்லவில்லை. "ஏறுது, பாருங்க" என்று அவள் போனைக் கொடுத்ததை நானாகவே அப்படி எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டிய மாதிரி எழுதிக்கொள்வது முப்பது வருஷப் பழக்கம், போகமாட்டேன் என்கிறது. அவள் மேஜையிலிருந்த பேனாவாலேயே அந்த வரியை அடித்தேன்.

"வேற ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்டேன்.

"ஷிஃப்ட்டு மாறுற நேரத்துல ஒட்டுங்க. அப்பதான் ரெண்டு ஷிஃப்ட்டும் படிக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "மேல அன்புள்ள மகனுக்குன்னு மட்டும் போட்டிருக்கீங்க. எந்த மகன்னு ஊருக்கு எப்படித் தெரியும்? என் மெமோவுல பேர இனிஷியலோடதான் போட்டாங்க."

உன்னைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, கல்யாணம் என்ன ஆகும் என்றும் கேட்கவில்லை. அடுத்த செல்போனை எடுத்து மூடியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். அவள் இன்னும் உனக்காகக் காத்திருக்கிறாள் என்று எங்காவது ஒரு மூலையில் உனக்கு நினைப்பு இருந்தால், அதையும் சேர்த்து அடித்துவிடு.

சீர்காழிப் பெண்ணே, உன்னை நான் பதினெட்டாவதாக எடுத்தேன். எங்கள் மெஷினின் கேமரா மாதிரி எங்களை நீ ஒருமுறை கீழேயிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் உனக்கும் அனுப்புகிறேன். மேலே எல்லாம் வழவழப்பாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று நீ சொன்னால், பத்திரிகை வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நானே நடந்துபோய், தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வருவேன். வேண்டும் என்று சொன்னாலும் கண்ணைத் திறந்துகொண்டு சொல்.

பாலமுருகா, அவள் சொன்னபடி முதல் பக்கத்தை மாற்றி எழுதி, மேலே உன் பெயரைப் போட்டேன். இனிஷியலைப் போட வந்தபோது கை நின்றுவிட்டது. அது உன் அப்பாவின் எழுத்து. இந்த மொத்தக் காரியத்திலும் சம்பந்தமே இல்லாதவர் அவர் ஒருவர்தான், இருந்திருந்தால் நம் இரண்டு பேர் தட்டிலும் சோறு போட்டிருக்க மாட்டார். அவருடைய எழுத்தைத்தான் நாளைக்கு ஷிஃப்ட் மாறும்போது உன் பெயருக்கு முன்னால் வைத்துப் போர்டில் குத்தப்போகிறேன். முப்பது வருஷத்தில் நான் எழுதியவற்றிலேயே எழுத முடியாமல் அழுதது அந்த ஓர் எழுத்துக்குத்தான்.

அம்மா